பெருந்தொற்றின்போது பொழுதுபோக்குப் பொருள் கடையைத் திறப்பதா, அடைப்பதா? நெல்லைச் சீமைக் கடைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வண்ண மீன், எம்பிராய்டரி நூல், ஓவியச் சாமான், இசைக்கருவி, கேரம் பலகை, பழைய நாணயம், ரிமோட் விமானத்தின் உதிரி பாகம் என்று மக்கள் விருப்பத்துக்காக வாங்கும் பொருள்களை விற்கும் கடைகள் திருநெல்வேலி டவுனின் ரத வீதிகளிலும், வண்ணாரப்பேட்டையிலும், பாளையங்கோட்டையிலும், தென்காசி, அம்பாசமுத்திரம், தூத்துக்குடி போன்ற ஊர்களின் கடைத்தெருக்களிலும் உண்டு. பெருந்தொற்று பரவும்போது இவை திறந்திருக்கலாமா என்ற பேச்சு 2020-லும் 2021-லும் எழுந்தபோது, அத்தியாவசியம் இல்லாத எதையும் அடைத்துவிட வேண்டியதுதானே என்று ஒரு சாரார் கேட்டார்கள். 2020 மே 7 அன்று டாஸ்மாக் கடைகளே திறக்கப்பட்ட பிறகு நூல் விற்கிறவன் மட்டும் ஏன் ஷட்டரை இறக்க வேண்டும் என்று மறு சாரார் கேட்டார்கள். இரண்டு வாதமும் கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்துப் பேசுகின்றன. கடைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை.

மளிகைக் கடைக்கு வருகிறவர் சீட்டை நீட்டி, சாமானை வாங்கி, காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். நம் கடைக்கு வருகிறவர் அப்படிப் போக மாட்டார். தொட்டி தொட்டியாக நின்று மீன் பார்ப்பார், நாற்பது நூல்கண்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார், கிதார் கம்பியை மீட்டிப் பார்ப்பார், அதே பித்துள்ள இன்னொருவர் வந்துவிட்டால் இருவரும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். இந்த நின்று பேசுதல்தான் நம் கடைகளின் உயிர்; காற்றில் பரவும் நோய்க்கு வழி திறந்துவிடுவதும் அதுவே. ஆகவே என் பரிந்துரை இது: சட்டம் அனுமதிக்கும் வரை சரக்கு விற்பனை நடக்கட்டும், கடைக்குள் கூடுவது மட்டும் முதல் நாளிலேயே நிற்கட்டும். இதை நடைமுறையில் எப்படிச் செய்வது, எந்தக் கட்டத்தில் விற்பனையையும் நிறுத்துவது, நிறுத்தினால் கடையை எப்படி அடைத்துவைப்பது என்பவற்றை இனிப் பார்க்கலாம்.

ஆணையை வரி வரியாகப் படியுங்கள்

ஊரடங்கு ஆணைகள் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் கீழ் பிறப்பிக்கப்படுகின்றன. 2020-இல் மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு பொது வரம்பை விதித்தது. அதை இறுக்க மாநில அரசுக்கு உரிமை இருந்தது, தளர்த்த இல்லை. அதற்கும் கீழே மாவட்ட ஆட்சியரும் மாநகராட்சியும் தெரு அளவில் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவித்தார்கள். உங்கள் தெரு கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்துவிட்டால் மேலே எந்தத் தளர்வு அறிவிக்கப்பட்டிருந்தாலும் அது உங்களுக்குப் பொருந்தாது என்பதால், ஆணையைக் கீழிருந்து மேலாகப் படிக்கும் பழக்கம் நல்லது.

ஆணையில் பொழுதுபோக்குப் பொருள் கடை என்று ஒரு வரி இருக்கும் என எதிர்பார்க்காதீர்கள். நமக்குரிய வரி வேறு பெயரில், எதிர்பாராத இடத்தில் ஒளிந்திருக்கும். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க அடைக்கப்பட்டபோது வண்ண மீன் கடைக்கு வழியே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஏப்ரல் 10 அன்று வந்த திருத்தம் மீன்வளத் தொழிலுக்கு விலக்களித்தபோது, குஞ்சு பொரிப்பகம், தீவன ஆலை ஆகியவற்றோடு வணிக மீன் காட்சியகங்களையும் சேர்த்திருந்தது. ஏப்ரல் 21 அன்று மாணவர்களுக்கான பாடப்புத்தகக் கடைக்கும் மின்விசிறிக் கடைக்கும் அனுமதி வந்தது. ஏப்ரல் 24 அன்று, கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற தனிக்கடைகளும் குடியிருப்புப் பகுதிக் கடைகளும் பாதிப் பணியாளர்களோடு இயங்கலாம் என்று மத்திய அரசு சொன்னது. தமிழ்நாடு அதை அப்படியே ஏற்காமல், மே 11 முதல் 34 வகைக் கடைகளை மட்டும் பெயர் குறிப்பிட்டு அனுமதித்தது. இந்த வரிசை ஒரு செய்தியைச் சொல்கிறது. அத்தியாவசியம் என்பது கல்லில் பொறித்த பட்டியலாக இருக்கவில்லை; வாரத்துக்கு வாரம், யார் எந்தத் தேவையை எடுத்துச் சொன்னார்கள் என்பதைப் பொறுத்து மாறியது. (2020 ஏப்ரலில் பூனைத் தீவனம் வாங்கப் போக வாகன அனுமதி கேட்டு ஒருவர் கேரள உயர் நீதிமன்றம் வரை போய் வெற்றியும் பெற்றார். புளியரை தாண்டினால் சட்டமும் சற்று இளகிவிடுகிறதோ என்று அப்போது இங்கே சிலர் ஏக்கத்தோடு கேட்டதுண்டு.)

கடைப் பதிவு, மாநகராட்சி அல்லது நகராட்சியின் தொழில் உரிமம், ஜிஎஸ்டி பதிவு ஆகிய மூன்றின் நகல்களையும் கல்லாவுக்கு அருகில் ஒரே உறையில் வைத்திருங்கள். நீங்கள் எந்த வரியின் கீழ் திறந்திருக்கிறீர்களோ அந்த ஆணைப் பக்கத்தையும் அச்செடுத்து அதோடு சேர்த்துவிடுங்கள். எழுதியிருக்கும் தொழில் வகை முக்கியம். உரிமத்தில் 'பேன்சி ஸ்டோர்' என்று இருந்து, கடையில் முக்கால் பங்கு தையல் பொருள் இருந்தால், தையல் பொருளுக்கு அனுமதி வரும் நாளில் உரிமத்தைக் காட்டி வாதாட முடியாது. உரிமம் புதுப்பிக்கும்போதே தொழில் வகைகளைச் சேர்த்து எழுதிவிடுவது நல்லது.

நேரக் கட்டுப்பாட்டில் மட்டும் துளியும் தாராளம் வேண்டாம். 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் கைபேசிக் கடை நடத்திய தந்தையும் மகனும், அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லிக் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, அடுத்த சில நாள்களில் இருவரும் உயிரிழந்தார்கள். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறி, காவலர்கள் மீதே கொலைக் குற்றச்சாட்டு வந்தது. அங்கே நடந்ததற்குக் கடை நேரம் எவ்வகையிலும் நியாயம் ஆகாது. எனினும் அதைக் கண்ட நெல்லைச் சீமைக் கடைக்காரர் எவருக்கும், அனுமதி நேரம் முடிவதற்கு அரை மணி முன்பே கல்லாக் கணக்கை முடித்து, கால் மணி முன்பே ஷட்டரை இறக்கிவிட வேண்டும் என்று தனியே சொல்லத் தேவையில்லை. கடைசி நேரத்தில் ஓடி வருகிற வாடிக்கையாளருக்கு மறுநாள் காலை முதல் முறை கொடுங்கள்.

அபராதமும் நினைவில் இருக்கட்டும். 2020 செப்டம்பரில் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி முகக்கவசம் இல்லாதவருக்கு 200 ரூபாய், இடைவெளி விடாதவருக்கு 500 ரூபாய், விதியை மீறும் வணிக நிறுவனத்துக்கு 5,000 ரூபாய் என்று விதித்தார்கள். ஒரு சிறு கடையின் சில நாள் லாபம் அதில் போய்விடும்.

கடையின் காற்றை அளந்து பாருங்கள்

நம் பழைய கடைகளின் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததே. முன்பக்கம் எட்டு அல்லது பத்தடி அகல ஷட்டர், உள்ளே நீளவாக்கில் ஒரு குகை, பின்சுவரில் சரக்கு அடுக்கி மறைந்துபோன ஒரு சன்னல். கூரை விசிறி சுழல்கிறதே என்ற ஆறுதல் பொய்யானது, ஏனெனில் அது உள்ளிருக்கும் காற்றையே கலக்கிக்கொண்டிருக்கிறது; சாதாரண ஸ்பிளிட் ஏசியும் அதே காற்றைத்தான் குளிர்வித்துத் திருப்பி அனுப்புகிறது. கொரோனா கிருமி மூச்சிலிருந்து வெளிவரும் நுண்துளிகளில் மிதந்து, காற்றோட்டமில்லாத அறையில் தங்கி நிற்கக்கூடியது என்பதால், முதலில் பார்க்க வேண்டியது இதையே.

சோதனைக்குச் செலவு இல்லை. காலையில் வாடிக்கையாளர் வருமுன் விசிறிகளை நிறுத்திவிட்டு, கடையின் பின்கோடியில், சாமி படத்துக்கு ஏற்றுகிற ஊதுபத்தியில் இரண்டைக் கொளுத்தி இடுப்பு உயரத்தில் வையுங்கள். புகை மெல்ல வாசலை நோக்கி நகர்ந்தால் காற்று ஓடுகிறது. நேரே மேலே போய், பரணுக்குக் கீழே குடைபோல் விரிந்து, அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தால், வாடிக்கையாளரின் மூச்சும் அப்படித்தான் தொங்கப் போகிறது. இப்போது பின்சன்னல் சரக்கை விலக்கி, ஒரு எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டு மீண்டும் பாருங்கள். புகை சன்னலை நோக்கி ஒரு கயிறுபோல் இழுபடும். சன்னலே இல்லாத கடைகளில், மேசை விசிறி ஒன்றை வாசல் பக்கம் திருப்பி வைத்து உள்காற்றைத் தெருவுக்குத் தள்ளலாம், ஆனால் அப்போது வாசலில் நிற்பவர் முகத்தில் அது அடிக்காதபடி ஓரமாக வைக்க வேண்டும். மூச்சோடு வெளிவந்து அறையில் சேரும் கரியமில வாயுவை அளக்கும் கருவி வாங்க முடிந்தவர்களுக்கு வேலை இன்னும் எளிது: திறந்த வெளியில் அளவு 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) சுற்றி இருக்கும், கடைக்குள் 800-ஐத் தாண்டும்போது ஆளைக் குறையுங்கள், 1,000-ஐத் தாண்டினால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுங்கள்.

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று நமக்குப் பெரிய துணை. ஆனால் அந்தக் காற்று புழுதியையும் சேர்த்துக் கொண்டுவருவதால், மேற்கு பார்த்த கடைக்காரர்கள் வாசலில் தார்ப்பாயைக் கட்டி இறக்கிவிடும் வழக்கம் தென்காசி முதல் கயத்தாறு வரை உண்டு. தொற்றுக்காலத்தில் அந்தத் தார்ப்பாய் வேண்டாம். சரக்கின் மேல் பழைய வேட்டியை விரித்துப் புழுதியைச் சமாளித்துக்கொள்ளலாம்.

இதற்கு மாறாக, 2020-இல் நாம் அதிகம் பணம் செலவழித்த சில ஏற்பாடுகள் பெரிதாகப் பயன் தரவில்லை. அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே ஒருவர் நோயைப் பரப்பத் தொடங்கிவிடுவதால், நெற்றியில் வெப்பமானியை நீட்டுவது மன நிறைவுக்கு மட்டுமே. பொருள்களின் மேற்பரப்பு வழியாகப் பரவுவது மிகக் குறைவு என்று பின்னர் தெளிவானது. எனவே நூல்கண்டின் மீதும் புத்தகத்தின் மீதும் மருந்தடித்துச் சரக்கைக் கெடுக்காமல், கை கழுவத் தண்ணீரும் சோப்பும் வாசலில் வைத்தால் போதும். கல்லாவுக்கு முன் தொங்கவிட்ட பிளாஸ்டிக் திரையும் பல கடைகளில் காற்றோட்டத்தைத் தடுத்ததுதான் மிச்சம்.

வாசலில் விற்பது

ஷட்டருக்கு நேராக ஒரு மேசையைக் குறுக்கே போட்டு, உள்ளே வாடிக்கையாளர் வர முடியாதபடி செய்வதே முதல் வேலை. பத்துக்குப் பன்னிரண்டடிக் கடையில் 'ஒருவர் மட்டும் உள்ளே வரலாம்' என்று எழுதி வைத்தால், அந்த ஒருவரோடு அவருடைய மைத்துனரும் பிள்ளையும் வருவார்கள். மேசை போட்டுவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. இருந்தாலும் பழகிய வாடிக்கையாளர் கேட்பார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் உள்ள வந்து பாத்துட்டு ஓடிருதேன்."

"நீங்க நிழல்ல நில்லுங்க, என்ன வேணும்னு சொல்லுங்க, நான் எடுத்துட்டு வாரேன். உங்க வீட்ல பெரியவுக இருக்காவல்லா?"

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு பெரும்பாலோர் வற்புறுத்துவதில்லை. விதியைக் காட்டுவதைவிட வீட்டுப் பெரியவர்களை நினைவூட்டுவது நம் ஊரில் வேலை செய்கிறது.

வரிசை தெருவுக்கு நீண்டால் காவல்துறை கேட்கும், பக்கத்துக் கடைக்காரரும் முகம் சுளிப்பார். ரத வீதிகளில் வட்டம் வரைந்து ஆறடி இடைவெளி விட இடமும் இல்லை. ஆகவே தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ சொல்லிவைத்த பொருளை எடுத்துப்போக மட்டும் வரச் சொல்லி, கால் மணிக்கு ஒருவர் என்று நேரம் கொடுங்கள். பணத்தை முன்கூட்டியே யுபிஐ வழியாகப் பெற்றுக்கொண்டால், வாசலில் ஒருவர் நிற்கும் நேரம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வெளியூர் வாடிக்கையாளரை வரவே சொல்லாதீர்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு, 2020 ஜூன் இறுதி தொடங்கி ஆகஸ்ட் முடியும் வரை, சங்கரன்கோவில்காரர் ஒருவர் திருநெல்வேலிக்கு வந்து ஒரு தூரிகை வாங்க, மாவட்டம் தாண்டுவதற்கான இ-பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. அஞ்சலகம் அத்தியாவசியச் சேவையாக இயங்கிய காலம் அது. விரைவு அஞ்சலில் போகக்கூடிய சிறு பொருள்களுக்கு இன்றும் அதுவே நம்பகமான வழி. நாணயமும் அஞ்சல்தலையும் சேகரிப்பவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள் என்பதால், அந்தக் கடைக்காரர்கள் வாசல் விற்பனையைக்கூடத் தவிர்த்து முழுக்க அஞ்சலுக்கு மாறிவிடலாம்.

தொழிலுக்குத் தொழில் சிக்கல் வேறுபடும். எம்பிராய்டரி, ஆரி வேலைக்கான நூல் கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ரவிக்கைத் துணிக்குப் பொருந்தும் நிறத்தைத் தேடுவதில்தான் அங்கே நேரமெல்லாம் போகிறது. கைபேசிப் படத்தை அனுப்பச் சொன்னால் ட்யூப் லைட் வெளிச்சத்தில் அரக்கு மெரூன் ஆகிவிடும், மயில் நீலம் பச்சையாகிவிடும், பிறகு திருப்பிக் கொடுக்க இரண்டு முறை வருவார்கள். இதற்கு ஒரு பழைய வழி உண்டு. துணியின் ஓரத்திலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு நறுக்கு வெட்டி, ஒரு உறையில் போட்டு, பெயரும் தேவையான கண்டு எண்ணிக்கையும் எழுதி, வாசல் மேசையிலுள்ள பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். மதிய ஓய்வில் கடை வாசலின் பகல் வெளிச்சத்தில் வைத்து நிறம் பார்த்து, நூலின் நிற எண்ணை உறையிலேயே குறித்துவிடுங்கள். ஆங்கர் போன்ற நூல்களில் ஒவ்வொரு நிறத்துக்கும் எண் அச்சிடப்பட்டிருப்பதால், அடுத்த முறை அந்த வாடிக்கையாளர் எண்ணைச் சொன்னாலே போதும். பொருத்தம் பார்க்கும் வேலை வாடிக்கையாளரிடமிருந்து கடைக்காரருக்கு மாறுகிறது என்பது உண்மைதான். அதற்குச் சிறு கூலி சேர்த்து வாங்குவதில் தவறில்லை. 2020-இல் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முகக்கவசம் தைக்கத் தொடங்கியபோது நூலுக்கும் எலாஸ்டிக்குக்கும் அலைந்தார்கள். இந்தக் கடைகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது எவ்வளவு அவசரமான முடிவு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

இசைக்கருவிக் கடைக்கும் இது பொருந்தும். கல்லூரி மாணவனுக்குக் கிதார் பொழுதுபோக்காக இருக்கலாம்; ஆனால் அதே கடையில் தவிலுக்கு வார் வாங்குகிறவருக்கும், கணியான் கூத்தில் அடிக்கும் மகுடம் என்ற தோல்கருவிக்குத் தோல் மாற்றுகிறவருக்கும், நையாண்டி மேளக்காரருக்கும், வில்லிசைக் குழுவுக்கும் அது பிழைப்பு. பங்குனி முதல் ஆடி வரை கொடை விழாக்களை நம்பி வாழ்கிற இவர்களுக்கு 2020-இல் கொடைகளே நடக்கவில்லை. கருவி பழுதுபார்ப்பைக் கடை விற்பனையிலிருந்து பிரித்து, வாரத்தில் ஒரு நாள் கருவியை வாங்கி வைத்து மறு வாரம் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு செய்தால், தளர்வு கேட்டு மனு எழுதும்போதும் 'கலைஞர்களின் தொழிற்கருவி பழுது நீக்கம்' என்று எழுத முடியும். வாயால் ஊதும் கருவிகளில் மட்டும் இரக்கமே காட்டக் கூடாது. புல்லாங்குழல், மவுத் ஆர்கன், நாதஸ்வரச் சீவாளி (வாய் வைத்து ஊதும் நாணல் துண்டு) எதையும் கடையில் ஊதிப் பார்க்க விடாதீர்கள். ஊதிப் பார்க்காமல் சீவாளி வாங்க எந்த வித்வானும் ஒப்ப மாட்டார் என்பதால், மூன்று நான்கு சீவாளிகளைக் கட்டாக விலை குறைத்துக் கொடுத்து, வாய் வைத்தது திரும்ப வராது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

வண்ண மீன் கடைக்காரர் வேறு வகையில் மாட்டிக்கொண்டவர், ஏனெனில் அவருடைய சரக்குக்குத் தினமும் மூச்சு வேண்டும். ஊரடங்கு வரும் அறிகுறி தெரிந்தவுடன் புதுச் சரக்கு எடுப்பதை நிறுத்தி, இருப்பதைக் குறைந்த விலைக்காவது விற்றுத் தொட்டிகளின் நெருக்கத்தைக் குறைக்க வேண்டும். பராமரிப்புக்காகத் தினமும் இரு முறை கடைக்குப் போய்வர, ஆட்சியர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே எழுத்தில் விண்ணப்பித்து, 2020 ஏப்ரல் திருத்தத்தின் முன்னுதாரணத்தைச் சுட்டிக்காட்டுங்கள். தீவனத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வளர்ந்த மீன்கள் சில நாள் தீவனமின்றித் தாங்கும், மிஞ்சிய தீவனம் அழுகி அமோனியா ஏறித்தான் அதிகம் சாகின்றன. காற்று மோட்டார் நிற்பதுதான் ஆபத்து. மின்சாரம் போனால் முதலில் கோல்டு பிஷ் தொட்டிக்குப் பேட்டரி பம்பைப் போடுங்கள். பைட்டர் மீன் நீர்மட்டத்துக்கு வந்து நேரடியாகக் காற்றைக் குடிக்கக்கூடியது, அது காத்திருக்கும். தொட்டி வைத்திருக்கும் வாடிக்கையாளர் வீட்டிலும் இதே நிலைமைதான். மோட்டார் கெட்டுப்போய் இரவில் அழைப்பவருக்கு மோட்டார் கொடுப்பது உயிர் காக்கும் வேலை. புது மீன் தேர்ந்தெடுக்க வருகிறவரை வீடியோ அழைப்பில் தொட்டியைப் பார்க்கச் சொல்லி, பிராணவாயு நிரப்பிய பையில் வாசலில் கொடுத்தனுப்புங்கள்.

கேரம், சதுரங்கம், ஓவியப் பொருள் கடைகளுக்கு இவ்வளவு தலைவலி இல்லை. வீட்டில் அடைபட்ட பிள்ளைகளால் அவர்களுக்கு விற்பனை கூடவே செய்யும். கடைக்குள் விளையாட்டு மேசை போட்டிருப்பவர்கள் அதைத் தூக்கி உள்ளே வைத்துவிடட்டும்.

கடைப் பையன் இருமினால்

எத்தனை ஏற்பாடு செய்தாலும், ஒரு நாள் முழுக்கக் கடைக்குள் இருப்பது முதலாளியும் வேலையாட்களும்தான். வாடிக்கையாளரைவிட அவர்களுக்குள் பரவும் வாய்ப்பே அதிகம். உள்ளே இருக்கும் நேரமெல்லாம் அவர்களுக்கு என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். கழுத்தில் தொங்குகிற துணிக் கவசத்தால் பயனில்லை. டீ, சாப்பாடு கடைக்கு வெளியே, ஒருவர் பின் ஒருவராக. எல்லாவற்றையும்விட முக்கியமானது சம்பளம். காய்ச்சல் என்று சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலையில், எந்த வேலையாளும் காய்ச்சலைச் சொல்ல மாட்டார், மாத்திரை போட்டுக்கொண்டு வந்து நிற்பார். உடல்நலக் குறைவுக்கு விடுப்பெடுத்தால் கூலி பிடிக்கப்படாது என்று தொற்றின் முதல் நாளே சொல்லி, ஒருவருக்காவது அப்படிக் கொடுத்துக் காட்டுங்கள், மற்றவர்கள் நம்புவார்கள். இதற்குப் பணம் இல்லை என்றால், ஆட்களை இரு குழுவாகப் பிரித்து வாரம் மாற்றி வாரம் வரச் செய்யலாம். ஒரு குழுவில் ஒருவருக்கு நோய் வந்தால் மறு குழுவை வைத்துக் கடை ஓடும்.

அனுமதி இருந்தும் அடைக்க வேண்டிய நாள்

அரசு அனுமதித்ததாலேயே திறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என் கணக்கில் இரண்டு அடையாளங்கள் போதும். கடையில் யாருக்காவது தொற்று உறுதியானால், மற்ற அனைவரும் பரிசோதித்துத் தெளியும் வரை ஷட்டர் இறங்கட்டும். செய்தியை மறைக்காமல் வாசலில் எழுதி ஒட்டுங்கள், ஏனெனில் தெருவுக்கு அது எப்படியும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, மருத்துவமனை நிலவரம். 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ராக்கெட் எரிபொருளை எரிப்பதற்காகத் திரவ ஆக்சிஜன் வைத்திருக்கும் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்திலிருந்து மருத்துவமனைகளுக்கு ஆக்சிஜன் லாரிகள் போயின. மூடப்பட்டிருந்த தூத்துக்குடி ஸ்டெர்லைட் வளாகத்தில் ஆக்சிஜன் தயாரிப்புக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 27 அன்று அனுமதி தந்தது. நிலைமை அந்த அளவுக்கு வந்துவிட்டால், வாசல் விற்பனைகூட வேண்டாம். அப்போது ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அவருக்குப் படுக்கை கிடைக்காது என்பதே கணக்கு, நம் கடையின் பங்கு எவ்வளவு சிறியது என்பது அங்கே எடுபடாது. அமெரிக்காவில் ஹாபி லாபி என்ற பெரும் கைவினைப் பொருள் நிறுவனம் 2020 மார்ச்சில் சில மாநிலங்களின் ஆணைக்கு முரணாகக் கடைகளைத் திறந்து, கண்டனத்துக்குப் பின் ஏப்ரல் தொடக்கத்தில் அனைத்தையும் அடைத்தது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே பிடிவாதத்தால் நல்ல பெயர் வரவில்லை. மறுபுறம், பிரான்ஸ் 2021 பிப்ரவரியில் புத்தகக் கடைகளை அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தது. புத்தகக் கடைக்காரர்களும் வாசகர்களும் விடாமல் பேசியதன் பலன் அது. இங்கும் கடைக்காரர் சங்கம் வழியாக, வாசல் விற்பனை முறையை எழுத்தில் விளக்கி ஆட்சியரிடம் கொடுக்கலாம். தனித்தனியாகப் போய் நிற்பதில் பயனில்லை. தமிழ்நாடு 2021 ஜூனில் மாவட்டங்களை மூன்று வகையாகப் பிரித்துத் தளர்வு தந்தபோது திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்றும் நடு வகையில் ஒன்றாகவே இருந்தன என்பதால், மூன்று மாவட்டக் கடைக்காரர்களும் சேர்ந்து பேசுவதற்குக் காரணமும் இருக்கிறது.

அடைப்பதானால் அடைக்கும் முறை

முழு ஊரடங்கு அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையில் சில மணி நேரம்தான் கிடைக்கும். 2020 மார்ச்சில் அதுவும் சரியாகக் கிடைக்கவில்லை. எனவே செய்ய வேண்டியவற்றை ஒரு அட்டையில் எழுதிக் கல்லாவுக்குள் ஒட்டி வையுங்கள். கத்திரி வெயிலில் மூடிய ஷட்டருக்குப் பின்னால் கடை அடுப்பாகிவிடும். தின்னர், வார்னிஷ், ஸ்பிரே பெயிண்ட், கைக்குப் போட வாங்கிய சானிடைசர் கேன் ஆகியவற்றைக் கடையில் விடாதீர்கள். காற்றோட்டமுள்ள நிழலான இடத்துக்கு மாற்றுங்கள். ரிமோட் விமான, டிரோன் கடைகளில் இருக்கும் லித்தியம் பாலிமர் பேட்டரிகளை முழுச் சார்ஜில் மாதக் கணக்கில் வைத்தால் உப்பிவிடும், தீப்பிடிக்கவும் கூடும். ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கி, உலோகப் பெட்டியில் தனியே வையுங்கள். கித்தார், வீணை கம்பிகளைச் சற்றுத் தளர்த்திவிடுங்கள். தாளும் துணியும் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கட்டும், கரையானுக்கு ஊரடங்கு கிடையாது. வாடகைப் பேச்சை அடைத்த முதல் வாரத்திலேயே கட்டட உரிமையாளரிடம் தொடங்கி, ஒப்புக்கொண்டதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக் கடன் இருந்தால், 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி தந்தது போன்ற தவணை ஒத்திவைப்பில் வட்டி தொடர்ந்து ஏறும் என்பதைக் கணக்கில் வைத்து, கட்ட முடிந்தவர்கள் கட்டிவிடுவதே லாபம்.

மீண்டும் திறக்கும் நாளில் ஷட்டரையும் பின்சன்னலையும் திறந்து ஒரு மணி நேரம் காற்று ஓடவிட்ட பிறகே மின்சுவிட்சுகளைப் போடுங்கள். உப்பிய பேட்டரிகளை விற்பனைக்கு வைக்காமல் ஒதுக்குங்கள். வாசல் மேசையை அன்றே எடுத்துவிட வேண்டாம், தொற்று எண்ணிக்கை இறங்கிச் சில வாரங்கள் நிலைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடைப்புக்கு முன் முன்பணம் கட்டிவிட்டுப் பொருள் கிடைக்காமல் போனவர்களின் பட்டியலை எடுத்து, அவர்களை முதலில் அழைத்துக் கொடுத்து முடித்துவிட்டு, அதன் பிறகு புதிய ஆர்டர்களை எடுங்கள்.